நண்பருக்குத் தவணையில் கார் விற்கிறேன், கடைசித் தவணை வரை ஆர்.சி. என் பெயரிலேயே இருக்கலாமா?

வேண்டாம். தவணையில் விற்பதில் தப்பே இல்லை, நானும் என்னோடு வேலை பார்த்த நண்பருக்கு என் பழைய ஸ்விஃப்டை அப்படித்தான் கொடுத்தேன். ஆனால் "பணம் முழுசா வரட்டும், அப்புறம் பேர் மாத்திக்கலாம்" என்று வண்டியைக் கொடுத்துவிட்டு ஆர்.சி.யை மட்டும் பீரோவில் பூட்டி வைப்பதைப் பாதுகாப்பு என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட ஆபத்தான ஏற்பாடு கிடையாது.

ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் பார்வையில் உரிமையாளர். பெயர் மாற்றாமலே பல கை மாறிப் போன ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில் (நவீன் குமார் எதிர் விஜய் குமார், 2018) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது, வண்டியை என்றோ விற்றிருந்தாலும் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு பதிவில் பெயர் உள்ளவர்தான். நண்பர் இன்சூரன்ஸைப் புதுப்பிக்க மறந்த மாதத்தில் யார் மீதாவது மோதிவிட்டால், தவணைப் பாக்கி என்ன, அதைவிடப் பல மடங்கு உங்கள் தலையில் விழும். அவருக்கும் இது நல்லதல்ல. பாதிப் பணம் கட்டிய நிலையில் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர் உங்கள் வாரிசுகளிடம் போய் நிற்க வேண்டும்.

அதனால் முதலில் பெயர் மாற்றம். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்துவிடுங்கள், ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். சாவி கொடுக்கும்போதே தேதி, நேரம் போட்டு டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் கார் லோன் இன்னும் முடியவில்லை என்றால் அதை அடைத்து, ஆர்.சி.யில் உள்ள ஹெச்.பி.யை (கடன் கொடுத்தவர் பெயரில் உள்ள அடமானப் பதிவை) நீக்கிய பிறகுதான் இந்தப் பேச்சே.

சரி, பணத்துக்கு என்ன பிடி? முன்பணத்தைக் கூட்டி வாங்குங்கள். நாங்கள் 2 லட்சத்து 40 ஆயிரத்துக்குப் பேசி, 90 ஆயிரம் முதலிலேயே வாங்கிக்கொண்டு, மீதியை மாதம் பத்தாயிரமாக 15 தவணை வைத்தோம். மீதித் தொகைக்குப் புரோநோட், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து. அது மூன்று வருடத்தில் காலாவதியாகிவிடும், ஆகவே ஒவ்வொரு தவணைக்கும் பின்பக்கம் வரவு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. எல்லாம் வங்கி வழியாகவே வரட்டும், ஒரே விற்பனைக்கு ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது, தவணையாகப் பிரித்து வாங்கினாலும் கணக்கு ஒன்றுதான். செக் கேட்கலாமா என்றால், நட்பு நெருக்கம் எப்படியோ அப்படி. நான் கேட்கவில்லை. வாங்கினால், செக் பணமில்லாமல் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், சும்மா வைத்திருந்து பயனில்லை.

இன்னொன்றும் முதல் நாளே பேசுங்கள், ஒரு மாதம் கட்ட முடியாவிட்டால் என்ன என்று. என் நண்பருக்கு ஜூனில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வரும், அந்த மாதம் தவணை வேண்டாம், கடைசியில் ஒரு மாதம் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டோம். அவர் என்னைப் பார்த்து ஒளியவும் வேண்டியிருக்கவில்லை, நான் கேட்கத் தயங்கவும் வேண்டியிருக்கவில்லை. பேசத் தயங்கித்தான் பலருடைய நட்பு கெடுகிறது, பணத்தால் அல்ல.

அப்புறம், உங்கள் கணக்கோடு இணைந்த ஃபாஸ்டேக்கை மூடிவிடுங்கள். இன்சூரன்ஸை அவர் பெயருக்கு மாற்றும்போது நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் எதுவும் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) உங்களிடமே தங்கும், அடுத்து கார் வாங்கினால் பயன்படுத்தலாம், அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.