காய்ச்சாத தேன் உண்மையிலேயே நல்லதா? வடசென்னையில் எப்படிப் பார்த்து வாங்குவது?

பெரம்பூரில் வாங்கிய காய்ச்சாத தேன் அடியில் உறைந்துவிட்டது, கலப்படமா என்று கேட்டிருக்கிறீர்கள். உறைந்ததை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. குளுக்கோஸ்தான் மணல்மணலாகப் படிகிறது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி வைத்தால் இளகிவிடும்.

தண்ணீரில் சொட்டு விடுவது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது இரண்டையும் நம்பாதீர்கள். கெட்டியான சர்க்கரைப் பாகும் அதில் தேறிவிடும். அதனால் தேனீ வளர்ப்பவரிடமே வாங்குங்கள். பெட்டி எங்கே இருக்கிறது, எந்த மாசம் எடுத்தது என்று அவரால்தான் சொல்ல முடியும். திருவள்ளூர் பக்கம் பெட்டி வைத்திருப்பவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். மார்த்தாண்டம் தேனும் அருமை. அதில் பெரும்பகுதி ரப்பர் மரத்தின் இளந்தளிர்க் காம்பில் சுரக்கும் இனிப்பிலிருந்து வருவது, பூவிலிருந்து அல்ல.

பலன் என்றால், இருமலுக்குப் படுக்கும் முன் ஒரு ஸ்பூன் நல்ல இதம். மற்றபடி ஐந்தில் நாலு பங்கு சர்க்கரைதான். சுகர் இருப்பவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அப்புறம், ஒரு வயது ஆகாத குழந்தைக்குச் சேனை என்று நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். தேனில் போட்டுலினம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். அவை பிஞ்சுக் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும். வீட்டில் காய்ச்சினாலும் அவை சாகாது.