கூண்டில் ஏறுவதற்கு முன்

கேள்வி: அப்பாவின் மூன்றரை ஏக்கரில் பாதி கேட்டு 2022-ல் அண்ணன் மீது பாகப்பிரிவினை வழக்குப் போட்டேன். 2009-லேயே "உனக்கு இங்கே பங்கில்லை" என்று பங்காளிகள் முன்னால் சொல்லி, தோட்டத்துக் கேட்டைப் பூட்டினார். சீரும் செய்யவில்லை, அம்மாவின் காரியத்துக்கும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் இருந்த பிரமாண வாக்குமூலத்தில் கையெழுத்திட்டுத் தாக்கல் செய்தாயிற்று. அதில் "கூட்டு அனுபவத்தில் இருக்கிறேன்" என்று இருப்பதாக மகன் படித்துச் சொல்கிறான். அடுத்த வாய்தாவில் குறுக்கு விசாரணை. கூண்டில் எல்லாவற்றையும் சொல்லலாமா? ஒன்றேகால் ஏக்கர் தருவதாக அண்ணன் தூது விடுகிறார்.

பதில்: சீர், காரியம் இரண்டையும் விட்டுவிடுங்கள். வழக்கு அந்தப் பூட்டில்தான் இருக்கிறது.

பிரமாண வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் அஃபிடவிட் என்பார்கள். அது லத்தீன் வினைச்சொல். 'சத்தியம் செய்திருக்கிறார்' என்று பொருள். எழுதியது யாராக இருந்தாலும், சத்தியம் செய்தவர் நீங்கள். "வக்கீல் எழுதினார், எனக்கு ஆங்கிலம் தெரியாது" என்று கூண்டில் சொன்னால், எதிர்த்தரப்பு வக்கீல் கடைசிப் பக்கத்தைக் காட்டுவார். தமிழில் படித்துக் காட்டப்பட்டு, புரிந்துகொண்டு கையெழுத்திட்டதாக அங்கே வழக்கமாக ஒரு வரி இருக்கும்.

சிவில் வழக்கில் முதல் விசாரணை, அதாவது குறுக்கு விசாரணைக்கு முன் சாட்சி தன் தரப்பைச் சொல்வது, இப்படி எழுத்தில் தாக்கலாவதால், பலர் அதை வெறும் காகிதமாக நினைத்துவிடுகிறார்கள். மனக்குறையைக் கூண்டில் கொட்டிய கட்சிக்காரர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே முடித்துவைத்ததைப் பார்த்திருக்கிறேன். "கடைசியாக எப்போது தோட்டத்துக்குப் போனீர்கள்?" என்று சாதாரணமாகத்தான் கேட்பார்கள். "2009-க்குப் பிறகு விடவே இல்லை" என்று அழுதுகொண்டே சொல்வீர்கள். தோட்டத்துக்குப் போகாததால் மட்டும் பங்கு போய்விடாது. கூட்டுச் சொந்தக்காரர் ஒருவரின் அனுபவம் மற்றவருக்கும் சேர்ந்ததுதான். ஆனால் உரிமையையே வெளிப்படையாக மறுத்து வெளியேற்றி, 12 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது என்றால் அது எதிரிடை அனுபவ பாத்தியம், அதாவது இத்தனை காலம் தனியாக அனுபவித்ததாலேயே நிலம் தனக்குச் சொந்தம் என்ற உரிமை, கேட்க அண்ணனுக்கு வழி. 2009-லிருந்து 2022 வரை எண்ணிப் பாருங்கள். கூட்டு அனுபவம் என்று சொல்லிக் கட்டிய குறைந்த கோர்ட் கட்டணமும் நிற்காது. உங்கள் பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்டச் சொல்வார்கள்.

அதற்காகப் பூட்டே இல்லை என்று சாதிக்காதீர்கள். தெரிந்தே பொய்ச் சாட்சி சொன்னால் பாரதிய நியாய சன்ஹிதா 229-வது பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை. பங்காளிகள் வந்து சாட்சி சொன்னால் நீதிபதி உங்களுடைய வேறெந்த வார்த்தையையும் நம்ப மாட்டார். பிராதை, அதாவது நீங்கள் போட்ட வழக்கு மனுவைத் திருத்தலாம் என்றால், வாக்குமூலம் தாக்கலானதுமே விசாரணை தொடங்கிவிட்டதாக உச்ச நீதிமன்றம் 2008-ல் சொல்லிவிட்டது. இனித் திருத்த அனுமதி கிடைப்பது கடினம்.

ராஜியாகப் போய்விடுங்கள், அதுவும் கூண்டில் ஏறுவதற்கு முன்பே. இன்று அண்ணனுக்கும் தீர்ப்பு எப்படி வருமோ என்ற பயம் இருக்கிறது. உங்கள் குறுக்கு விசாரணை முடிந்த மறுநாள் அந்த ஒன்றேகால் ஏக்கர் பேச்சே இருக்காது. நாளைக்கே உங்கள் வக்கீலிடம் பூட்டு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லி, வழக்கை மத்தியஸ்த மையத்துக்கு அனுப்பும்படி மனுப் போடச் சொல்லுங்கள். பரப்பளவுக்காக இழுத்துப் பேச வேண்டாம். சர்வேயரை வைத்து அளந்து, நான்கெல்லை, வண்டிப் பாதை, கிணற்றில் உங்களுக்கு எந்தெந்த நாள் தண்ணீர் முறை என்பதெல்லாம் ராஜிப் பத்திரத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள்.