ஆட்டோமேட்டிக் காரில் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்ற வேண்டுமா?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் ஓடும் ஆயிலைத்தான் ஏடிஎஃப் என்கிறார்கள். எஞ்சின் ஆயில் மாதிரி உராய்வைக் குறைப்பதோடு இதன் வேலை முடிவதில்லை. டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் பாகம்) உள்ள வண்டியில் எஞ்சினின் சக்தியைக் கடத்துவதும், அழுத்தம் கொடுத்துக் கிளட்ச்சைப் பிடிக்க வைப்பதும், சூட்டைத் தணிப்பதும் இதே ஆயில்தான். சூட்டில் இது நாளடைவில் கெடும், கிளட்ச் தேய்ந்த பொடியும் சேரும். தூர்வாராத வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது அல்லவா, அதே கதைதான். உள்ளே இருக்கும் நுண்ணிய வழிகள் அடைபட்டு, கியர் தாமதமாக விழும், வண்டி உதறும்.

புது ஆயில் பெரும்பாலும் சிவப்பு. கருத்துப்போய்த் தீய்ந்த வாடை அடித்தால் மாற்றிவிடுங்கள். கார்த்திகை மழையில் மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் வெள்ளத்தில் வண்டி மூழ்கி நின்றிருந்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்க்காமல் ஆயிலை மாற்றிவிடுங்கள். தண்ணீர் கலந்த ஆயில் வெளிறிய ரோஸ் நிறமாகிவிடும். அதோடு ஓட்டினால் கிளட்ச் போய்விடும். அப்புறம், எந்த ஆயில் என்பது கார் கையேட்டில் இருக்கும். சிவிடி (பெல்ட் அல்லது செயினில் ஓடும் ஆட்டோமேட்டிக் வகை) வண்டிக்கு வேறு ஆயில், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றக் கூடாது.

‘ஆயுளுக்கும் மாற்றவே வேண்டாம்’ என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.