மறு: சன்கோல்டு பழம் மட்டும் வெடிக்கிறது, ஏன்?

வணக்கம். சன்கோல்டு, ஜூலியட், சூப்பர் ஸ்வீட் 100 என்று உங்கள் மூன்று தக்காளி ரகமும் ஒரே மண், ஒரே அளவு 10 லிட்டர் தொட்டி. சன்கோல்டு மட்டும் காம்பைச் சுற்றி வெடிக்கிறது, ஜூலியட் அப்படியே இருக்கிறது என்கிறீர்கள். இது நோய் இல்லை. சன்கோல்டுக்குத் தோல் மெல்லிசு. காய்ந்து கிடந்த மண்ணில் மொத்தமாகத் தண்ணீர் விட்டால் சதை உப்பும் வேகத்துக்குத் தோல் ஈடுகொடுக்காது. ஜூலியட்டின் தோல் தடிப்பு, அதனால் தாங்குகிறது. சூப்பர் ஸ்வீட் 100 கூட வெடிக்கக்கூடியதுதான், கவனித்துக்கொள்ளுங்கள்.

கால்சியம் தெளிக்கச் சொல்வார்கள், வேண்டாம். அது இதற்கு மருந்தல்ல.

முதல் குறை தொட்டிதான். மூன்றுமே நிற்காமல் வளரும் கொடி ரகங்கள். செடிக்கு 20 லிட்டராவது வேண்டும். 10 லிட்டர் மண் வெயிலில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். இப்போதைக்குக் காலையில் அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள். மாலையில் விரலை 5 செ.மீ. விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மறுபடியும். மேலே 5 செ.மீ. காய்ந்த இலை அல்லது வைக்கோல் மூடாக்கு, தண்டை ஒட்டாமல். மழை வரும்போலிருந்தால் நிறம் திரும்பிய பழங்களை முன்பே பறித்து வீட்டுக்குள் வையுங்கள், பழுத்துவிடும். ஃப்ரிட்ஜில் வேண்டாம், சுவை போய்விடும். சன்கோல்டு மஞ்சளில் கொஞ்சம் புளிக்கும், அடர் ஆரஞ்சில்தான் இனிக்கும்.

சுவையை ஒப்பிடுவதென்றால் ஒரே நாளில் பறித்த பழங்களாக இருக்கட்டும். மழைக்கு மறுநாள் பறித்தால் எல்லாமே சப்பென்றிருக்கும்.

விதை எடுத்து வைப்பது பற்றிக் கேட்டீர்களே: மூன்றும் எஃப்1 கலப்பினம், அதாவது இரண்டு வேறு வகைகளைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை, அதனால் அடுத்த தலைமுறை தாயைப் போல வராது.