வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள் ஏன் மங்குகின்றன? தரம் குறையாமல் அனுப்புவது எப்படி?

ஏற்காட்டின் லேடீஸ் சீட்டிலிருந்து இரவில் சேலம் நகரத்தைப் படமெடுத்தால், கைப்பேசியில் ஒவ்வொரு விளக்கும் தனிப் புள்ளியாகத் தெரியும். அதையே வாட்ஸ்அப்பில் பெற்றவர் பெரிதாக்கிப் பார்த்தால், அவை ஒன்றோடொன்று கலந்து மஞ்சள் திட்டுகளாகிவிடுகின்றன. இதற்குக் காரணம் 'சுருக்குதல்'. படம் விரைவாகச் சென்று சேரவும் இணையச் செலவு குறையவும், செயலி படத்தின் நீள அகலத்தைக் குறைத்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரங்களை நீக்கிவிடுகிறது. இருட்டில் சிறு ஒளிப்புள்ளிகள் நிறைந்த படங்களில் இந்தப் பாதிப்பு எளிதில் தெரியும்.

மல்கோவாவைக் கூழாக்கி அனுப்பினால் சுமை குறையும். ஆனால் கூழிலிருந்து பழத்தைத் திரும்பப் பெற இயலாது. அதுபோல, சுருங்கி வந்த படத்திலிருந்து மூலப்படத்தை மீட்க முடியாது. காணொளிக்கும் இதுவே பொருந்தும்.

முழுத் தரம் வேண்டுமென்றால், இணைப்புக் குறியைத் தொட்டு, 'கேலரி'க்குப் பதிலாக 'ஆவணம்' என்பதைத் தேர்ந்து அனுப்புங்கள். 2 ஜிபி வரையிலான கோப்பு மாற்றமின்றிச் சென்று சேரும். படமெடுத்த இடத்தின் விவரம் கோப்பில் பதிந்திருந்தால் அதுவும் உடன் செல்லும் என்பதால், வீட்டில் எடுத்த படங்களை அறியாதவர்களுக்கு இவ்வாறு அனுப்ப வேண்டாம்.

2023-இல் வந்த 'எச்டி' வசதி மூலப்படத்தையே அனுப்புவதாகப் பலர் எண்ணுகின்றனர். அதுவும் சுருக்கியே அனுப்புகிறது, சற்றுக் குறைவாக.