ஆறடி எட்டாத தளபதி

கே: பள்ளிக் கூடைப்பந்து அணியில் பாயிண்ட் கார்டாக (பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்துபவராக) ஆடும் என் மகனிடம், "இந்த உயரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். உயரம் குறைந்த ஒருவர் பெரிய அளவில் ஆடி, பயிற்சியாளராகவும் ஆனதுண்டா?
– வாசகி, காரைக்குடி

ப: உண்டு. அமெரிக்காவின் ஏவரி ஜான்சனைச் சொல்லலாம். ஆறடிக்கு ஓர் அங்குலமோ இரண்டோ குறைந்தவர். நம் தெருவில் நின்றால் நெட்டை, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ. களத்தில் குள்ளர். ஆனால் உயரத்தைவிட அவரை அதிகம் துரத்தியது, தள்ளி நின்று எறிந்தால் பந்து கூடையில் விழாது என்ற கெட்ட பெயர்தான். சதர்ன் பல்கலைக்கழகத்துக்காக 1987-88 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 13.3 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் கூடையில் போடுவதற்கு வழிவகுக்கும் பந்து) கொடுத்து, கல்லூரிக் கூடைப்பந்தில் சாதனை படைத்தவரை, புதிய ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் அந்த ஆண்டு டிராஃப்டில் ஓர் அணிகூட எடுக்கவில்லை. சியாட்டில், டென்வர், ஹூஸ்டன் என்று அலைந்தார். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்குள் மட்டும் மூன்று முறை நுழைந்து, மூன்றாம் முறையாக 1994இல் வந்தபோதுதான் நிலைத்தார். சக ஆட்டக்காரர்களை ஓயாமல் அதட்டி, யார் எங்கே நிற்க வேண்டும் என்று ஏவிக்கொண்டே இருப்பவர் என்பதால் 'குட்டித் தளபதி' என்ற பட்டப்பெயர் அவருக்குப் பொருந்தியது.

1999 இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டம் நியூயார்க்கில் நடந்தது. 47 விநாடிகள் மிச்சமிருந்தபோது ஸ்பர்ஸ் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. சக ஆட்டக்காரர் ஷான் எலியட் கொடுத்த பந்தை இடது மூலையில் வாங்கி, எறியத் தெரியாதவர் என்று பெயரெடுத்த அதே மனிதர் எறிந்தார், விழுந்தது. 78-77 என்ற அந்தக் கணக்கோடு ஸ்பர்ஸ் தன் முதல் கோப்பையை வென்றது.

கே: பயிற்சியாளராக அவரால் கோப்பை வெல்ல முடியவில்லையே?
– வாசகர், மதுரை

ப: முடியவில்லை. 2005 மார்ச்சில் பயிற்சியாளர் டான் நெல்சன் விலகியதும் டல்லாஸ் மாவெரிக்ஸ் அணி ஜான்சன் கைக்கு வந்தது. அடித்து ஆடுவதையே நம்பியிருந்த அணியைத் தடுத்தாடவும் பழக்கி, 2006இல் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதைப் பெற்றார். அதே ஆண்டு இறுதித் தொடரில் 2-0 என்று முன்னிலையில் இருந்து, மயாமியிடம் வரிசையாக நான்கு ஆட்டங்களைத் தோற்றார். எனக்கு அதைவிடப் பெரிய பிழையாகத் தோன்றுவது அடுத்த ஆண்டில் நடந்தது. 67 வெற்றிகளோடு முதலிடம் பிடித்த அணியின் அமைப்பை, முதல் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே மாற்றி, கூடைக்கு அருகே ஆடும் நெட்டை சென்டரை உட்காரவைத்துவிட்டு, எதிரணியைப் போலவே உயரம் குறைந்த ஐவரை இறக்கினார். எட்டாம் இடத்து கோல்டன் ஸ்டேட்டிடம் டல்லாஸ் 4-2 என்று தோற்றது. வென்ற அணியின் பயிற்சியாளர் அதே நெல்சன்! 2008இல் டல்லாஸ் ஜான்சனை நீக்கியது.

பிறகு நெட்ஸ் அணிக்குப் போனார். 2012 நவம்பருக்கான மாதச் சிறந்த பயிற்சியாளர் விருதைக் கிழக்குப் பிரிவில் அவருக்குக் கொடுத்தார்கள். டிசம்பர் முடிவதற்குள் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.