அறுபது வயதைக் கடந்த பிறகும் உடலைத் திடமாக வைத்திருக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

எனக்கு இப்போது 68 வயது. 31 ஆண்டுகள் பஸ் ஓட்டிவிட்டு, பெருந்துறைப் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் ‘தினமும் நடங்கள்’ என்றுதான் பதில் வரும். நானும் நடந்தேன். ஓய்வுபெற்ற மறுநாளே தொடங்கி, கீழ்பவானி வாய்க்கால் கரையில் காலையில் நாலு கிலோமீட்டர். மயில்கள் கூட என்னைப் பார்த்து ஒதுங்குவதை நிறுத்திவிட்டன. அப்படி நடந்துகொண்டே என் கால்கள் பலமிழந்தன. அது தெரியவந்தது ஒரு காதுகுத்தில்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, காங்கேயம் பக்கத்தில் மகள் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், பவானி ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் பேரன், பக்கத்தில் சம்மணமிட்டு நான். ஆசாரி காதைத் தொட்டார், பையன் அலறினான், எல்லோரும் சிரித்தபடி எழுந்து பந்திக்கு நகர்ந்தார்கள். எனக்கு எழ வரவில்லை. மரத்துப்போனது என்று நினைத்துக் காலை நீட்டி மடக்கினேன். மறுபடியும் முயன்றேன். தொடை நடுங்கியதே தவிர இடுப்பு தரையை விட்டு மேலே வரவில்லை. கடைசியில் ஒருக்களித்துப் புரண்டு, இரண்டு கையையும் ஊன்றித் தவழும் நிலைக்கு வந்து, அங்கிருந்த மரத்தூணைப் பிடித்து எழுந்தேன். ஐந்து வயதுப் பேத்தி நின்று முழுவதையும் பார்த்திருக்கிறாள். “அப்புச்சி, தம்பியும் இப்படித்தான் எழுந்திருக்கிறான்” என்றாள். ஒரு வயதுப் பையனோடு என்னை ஒப்பிட்டதில் தவறு எதுவும் இல்லை.

அன்று எனக்குக் கை கொடுக்க ஓடி வந்தவர் என்னோடு பல ஆண்டுகள் ஒரே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். என்னைவிட இரண்டே வயது இளையவர். அவர் அதே ஜமுக்காளத்திலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து வந்திருந்தார். இது என்னை வெகுநாள் உறுத்தியது. ஒரே தடம், ஒரே நேரக்கணக்கு, ஒரே கடைச் சாப்பாடு. நான் இருக்கையில் உட்கார்ந்தே இருந்தேன். அவர் முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் இடையே நெரிசலில் நாள் முழுக்க நடந்துகொண்டே இருந்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதை லண்டனில் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது பின்னால் படித்துத் தெரிந்தது. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர், மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953-இல் வெளியிட்டார். உட்கார்ந்தே இருந்த டிரைவர்களைவிட, நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. ‘டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே பருமனாக இருந்திருக்கலாமே’ என்று யாராவது கேட்பார்கள் அல்லவா? அதற்காகச் சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவுக் கணக்கையே எடுத்துப் பார்த்தார் மனிதர். டிரைவர்களின் இடுப்பு பெரிதுதான். ஆனால் ஒல்லியான டிரைவரை ஒல்லியான கண்டக்டரோடு ஒப்பிட்டாலும் கண்டக்டருக்கே ஆபத்து குறைவாக இருந்தது. மாரிஸ் 99 வயது வரை வாழ்ந்து 2009-இல் காலமானார். எங்கள் தொழிலின் இடுப்பளவை ஒருவர் இத்தனை அக்கறையோடு அளந்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு அற்ப மகிழ்ச்சி.

மகளின் பிடிவாதத்தால் ஈரோட்டில் ஒரு இயன்முறை மருத்துவரைப் பார்த்தேன். சின்னப் பெண். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளச் சொன்னார். முப்பது வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று பார்ப்பாராம். நான் ஏழு முறை எழுந்தேன். அப்போது என் வயது 63. அந்த வயது ஆணுக்குப் பதினான்குக்குக் கீழே போனால் சராசரிக்கும் குறைவு என்றார். “தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிறேனே அம்மா” என்றேன். “நல்லதுதான் ஐயா, அது இதயத்துக்கும் மூச்சுக்கும். தொடைக்கு நீங்கள் வேலையே கொடுக்கவில்லை” என்றார். முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு மூன்று முதல் எட்டு சதவீதம் வரை தசை கரைகிறது, அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடுகிறது, சமதரையில் நடப்பது மட்டும் அதைத் தடுத்துவிடாது என்று விளக்கினார். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் நடை போன்ற மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வேலை, 65 வயதுக்கு மேலானால் மூன்று நாளாவது நிலைதடுமாறாமல் இருப்பதற்கான பயிற்சி. இதில் முதல் வரி மட்டுமே நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிகிறது.

அவர் கொடுத்த பயிற்சியில் பெரிய வித்தை எதுவும் இல்லை. நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி, அதிலிருந்து கை ஊன்றாமல் எழ வேண்டும். எட்டு முறை, சற்று ஓய்வு, மறுபடி எட்டு. ஒருநாள் விட்டு ஒருநாள். எழுவதைவிட உட்காருவதுதான் முக்கியம், தொப்பென்று விழாமல் மனத்துக்குள் நாலு எண்ணி மெதுவாக இறங்க வேண்டும் என்பார். மூன்று வாரத்தில் ஒரு தலையணையை எடுத்தேன். இன்னும் ஒரு மாதத்தில் இரண்டாவதையும் எடுத்தேன். பிறகு இரண்டு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தேன். இப்போது ஐந்து கிலோ. அடுப்பில் பால் பொங்கும் வரை மேடையைத் தொட்டபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது, பொடக்காளியில் (வீட்டுப் பின்புறத்தில்) பல் துலக்கும்போது சுவரோரமாக ஒற்றைக் காலில் நிற்பது, இவையெல்லாம் தனியாக நேரம் கேட்காதவை. முதல் வாரத்தில் என்னைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, கொக்குக்கு மீன் கிடைத்ததா?” என்றாள் என் மனைவி.

ஒற்றைக் காலைப் பற்றி ஒரு வார்த்தை. பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரைப் பத்து வினாடி ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. முடியாதவர்களிடையே அடுத்து வந்த ஆண்டுகளில் இறப்பும் அதிகம். உடனே வாட்ஸ்அப்பில் ‘பத்து வினாடி நின்றால் ஆயுள் கூடும்’ என்று பரவியது. அப்படி இல்லை. டீசல் முள் கீழே இறங்கினால் டேங்கில் எண்ணெய் குறைவு என்று அர்த்தம். முள்ளைக் கையால் தூக்கிவிட்டால் டேங்க் நிறையாது. ஆனாலும் பயிற்சியாகச் செய்தால் விழுவது குறையும், அறுபதுக்கு மேல் விழாமல் இருப்பதே பாதி ஆரோக்கியம்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது மாதம் உற்சாகம் மிகுந்து, ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு ஒரே மூச்சில் நூறு தோப்புக்கரணம் போட்டேன். மறுநாள் வலது முழங்கால் பலாக்காய் போல வீங்கியது. மூன்று வாரம் கட்டிலில். மருத்துவரம்மா திட்டவில்லை. “முதல் கியரிலேயே எண்பதில் ஓட்டுவீர்களா?” என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு எண்ணிக்கையை வாரத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் கூட்டியதில்லை.

சாப்பாட்டில் எங்கள் பக்கத்து மக்களுக்கு ஒரு பெருமிதம் உண்டு. கம்பும் ராகியும் தின்று முன்னோர்கள் நூறு வயது வாழ்ந்தார்கள் என்போம். என் அப்பாவும் களி தின்று காடு உழுதவர்தான், அறுபதைத் தாண்டவில்லை. களி நல்லதுதான், ஆனால் இரண்டு உருண்டைக் களியைத் தின்றுவிட்டுச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தால் அதுவும் மாவுச்சத்தாக ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். நாட்டுச்சர்க்கரை விஷயமும் இப்படித்தான். கவுந்தப்பாடிச் சந்தையிலிருந்து பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் சரக்கு என்பதால் அதற்கு ஒரு புனிதம் வந்துவிட்டது. ‘வெள்ளைச் சர்க்கரைதானே கெடுதல், இது ஒன்றும் செய்யாது’ என்று நம்பி நான்கு ஆண்டுகள் டீயில் கலந்து குடித்தேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனை அந்த நம்பிக்கையை உடைத்தது. ஓட்டிய காலத்தில் நாளுக்கு எட்டு டீ குடித்தவன், இப்போது இரண்டு. இரண்டிலும் இனிப்பு இல்லை. முதல் பத்து நாள் மட்டும்தான் கஷாயம் போல இருந்தது.

தசை வேண்டுமென்றால் புரதம் வேண்டும். அதை நம் வீட்டுக் கொள்ளும் பச்சைப்பயறும் தருகின்றன. நூறு கிராம் கொள்ளில் ஏறக்குறைய 22 கிராம் புரதம். அரிசியும் பருப்பும் சாதத்தில் முன்பு பருப்பு பேருக்குத்தான் கிடக்கும். இப்போது அரிசியில் ஒரு பங்கைக் குறைத்துப் பருப்பைக் கூட்டச் சொல்லிவிட்டேன். வாரத்தில் நாலு நாள் கொள்ளு கடைசல் அல்லது பயறு கடைசல், காலையில் ஒரு நாமக்கல் முட்டை. சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

மருந்து பற்றிப் பலருக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். என் பாதத்தில் இருந்த மதமதப்பைச் சர்க்கரையின் விளைவு என்றே வெகுநாள் விட்டுவைத்திருந்தேன். பரிசோதித்தால் பி12 அடிமட்டம். ஊசி போட்ட பிறகு பாதி குறைந்தது. பாதம் உணராவிட்டால் உடல் தடுமாறும், விழுவோம். அடுத்தது, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரவில் சிறுநீருக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். தூக்கத்துக்கு நான் கண்ட ஒரே வழி, ஏழரைக்குச் சாப்பிட்டு முடிப்பதும், செல்போனை ஆசாரத்திலேயே விட்டுவிட்டுப் படுப்பதும்.

இந்த மண்ணில் வியக்கத்தக்க முதியவர்கள் இருக்கிறார்கள். பொள்ளாச்சி ஜமீன் காளியாபுரத்தில் பிறந்த நானம்மாள் 99 வயது வரை வாழ்ந்தவர், 2018-இல் பத்மஸ்ரீ பெற்ற யோகா ஆசிரியை. ஆனால் அவர் சிறுவயதிலிருந்தே செய்தவர். அறுபதில் அவரைப் பார்த்துத் தொடங்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். எனக்குப் பிடித்தது வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பன். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது வயது 87. கும்மியைக் கவனித்துப் பாருங்கள்: குனிந்து நிமிர்வது, ஒரு காலில் பாரத்தைப் போட்டுத் திரும்புவது, பாட்டுக்கு அடி தவறாமல் பக்கவாட்டில் நகர்வது, அடவை நினைவில் வைத்துக்கொள்வது. மருத்துவரம்மா எனக்குத் தனித்தனியாகச் சொன்ன எல்லாம் அதில் ஒன்றாக இருக்கிறது. எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் முன்பு இரவு பயிற்சி தொடங்கியபோது என் மனைவி சேர்ந்தாள். 61 வயதில் அரங்கேற்றத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடினாள். நானும் போனேன், மூன்றாம் நாளே ஆசிரியர் என்னைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டார். ஸ்டீயரிங் பிடித்த உடம்புக்குத் தாளம் வரவில்லை.

நாற்காலிப் பயிற்சி தொடங்கி எட்டு மாதம் கழித்து, கண்டக்டரும் நானும் சென்னிமலை ஏறினோம். 1,320 படி. ஐந்து இடத்தில் உட்கார்ந்து ஏறிவிட்டேன். இறங்கும்போதுதான் தொடை கதறியது. உடம்பின் எடையைப் பிடித்துப் பிடித்து மெதுவாக இறக்குவது ஏறுவதைவிடத் தசைக்குக் கடுமையான வேலை. நாற்காலியில் நாலு எண்ணி உட்காரச் சொன்னதன் அர்த்தம் அன்று புரிந்தது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் ஏறிவிட்டு, மலைப்பாதையில் பஸ்ஸில் இறங்கிவிடுவது நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போன மாதம் மறுபடியும் நாற்காலிச் சோதனை. முப்பது வினாடியில் பதினைந்து முறை எழுந்தேன். தரையிலிருந்து எழ இன்னும் ஒரு கையை ஊன்றத்தான் வேண்டியிருக்கிறது. ஒற்றைக் காலில், கிளட்ச் மிதித்த இடது கால் 26 வினாடி நிற்கிறது. வலது கால் 14-க்கே ஆடுகிறது. கண்டக்டரிடம் சொன்னேன். “ஆக்சிலேட்டர் கால்தானே அண்ணா, அது எப்போதும் அவசரப்படும்” என்றார்.